இரு நாட்டு வங்கிகள்: ஓர் ஒப்புநோக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே வங்கியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோமே, இங்கு இது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். கிளிவெட்டியிலே இது பொருந்தும் என்பதே எமது துணிபு. நாம் மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரப் பகுதியில் வாழ்பவர்கள். அல்லைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்பவர்கள். பெரும்போகம் தொடங்கும்போது நம் வீட்டில் முதலில் எழும் கேள்வி மழை எப்போது என்பதன்று. விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பணம் எங்கே என்பதே. தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அறுவடை முடிந்தபின் மீண்டு வருகிறது. சில ஆண்டுகளில் மீளாமலே போய்விடுகிறது. ஆதலின் நிதி நிறுவனங்கள் நன்றாக இயங்குகின்றனவா, இல்லையா என்பது கொழும்பிலே இருப்பவர்கள் மட்டும் ஆராயவேண்டிய விடயமன்று. அஃது நம் வீட்டுத் தாலிக்கொடியைப் பற்றிய விடயம்.

இவ்விடயத்தை நாம் நம் நாட்டை மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. அயலிலே இந்தியா இருக்கின்றது. இரு நாட்டு வங்கிகளும் ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின்கீழ் முளைத்தவை. பின்னர் வெவ்வேறு வழியிற் சென்றவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எங்கே பிழைத்தது, எங்கே தழைத்தது என்பது தெளிவாகும்.

முதலில் வினைத்திறன் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகின்றோம். நெல் மூடைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரனை எண்ணிப் பாருங்கள். அவன் நல்ல வண்டிக்காரனா என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். கூலி எவ்வளவு வாங்குகிறான்? வழியில் எவ்வளவு சிந்துகிறான்? எந்தெந்த ஊருக்கு வருகிறான்? வங்கியும் ஒரு வண்டிக்காரனே. சேமிப்பவரிடமிருந்து பணத்தை ஏற்றிக் கடன் கேட்பவரிடம் இறக்குகிறது. வைப்புக்கு 8 வீத வட்டி கொடுத்துக் கடனுக்கு 14 வீதம் வாங்கினால் இடையிலுள்ள 6 வீதம் அதன் கூலி. திரும்பி வராத கடன் அதன் சிந்தல். கிளை திறந்த ஊர்கள் அது போகும் ஊர்கள். 1957ஆம் ஆண்டில் பாரெல் என்ற பொருளியலறிஞர், ஒரு தொழிலின் வினைத்திறனை அதே தொழிலில் மிகச் சிறந்து விளங்குவோரோடு ஒப்பிட்டு அளக்கும் முறையொன்றை வகுத்தார். இன்று வங்கிகளை அளப்போர் பெரும்பாலும் அவர் வழியையே பின்பற்றுகின்றனர். நாம் அந்தக் கணக்குகளுக்குள் புகாமல், கூலி, சிந்தல், ஊர் என்ற மூன்றையும் மட்டும் கையிற் பிடித்துக்கொள்வோம்.

இனிப் பழைய கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளிலும் பெரிய வங்கிகள் வெள்ளையரின் ஏற்றுமதி வணிகத்துக்காகவே இருந்தன. மதராஸ் வங்கி 1843இல் தோன்றியது. 1864இல் கொழும்பிலே கிளை திறந்தது. பின்னர் 1921இல் இம்பீரியல் வங்கியாகவும், 1955இல் இந்திய ஸ்டேட் வங்கியாகவும் மாறியது அதுவே. நம் நாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு அள்ளிக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி, கோப்பிச் செடியை நோய் அழித்தபின் 1884இல் கதவை மூடியது. அவ்வங்கியின் நோட்டுக்களைக் கையில் வைத்திருந்த மக்கள் திகைத்து நின்றபோது தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் பெயரால் அவற்றுக்குப் பொறுப்பேற்றார். மதராசிலோ 1906இல் ஆர்பத்நொட் கம்பனி விழுந்து பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. அந்த வேதனையிலிருந்தே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கியை நிறுவினர். இங்கேயே ஒரு வேறுபாட்டைக் காண்கின்றோம். வங்கி விழுந்தபின் அங்கே உள்ளூர் மக்கள் தமக்கென ஒரு வங்கியைக் கட்டினார்கள். இங்கே அரசு நோட்டுக்குப் பிணை நின்றது. உள்ளூர் மக்களுக்கான வங்கி தோன்ற இன்னும் 55 ஆண்டுகள் சென்றன.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் யார்? நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்பு வங்கிகள் உள்ளூர் வணிகனை முகங்கொடுத்தும் பாராத நாளிலே, செட்டியார்களே அவ்வங்கிகளிடம் கடன் பெற்றுச் சிறு வணிகருக்கும் நிலக்காரருக்கும் மறுகடன் கொடுத்தனர். பணம் இருமுறை வண்டி மாறியது. ஆகவே கூலியும் இருமுறை ஏறியது. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று நொடிந்தபோது வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கிக்கொண்டன. சுமை யார் தலையில் விழுந்தது? கடைசியில் நின்ற உள்ளூர்க் கடனாளியின் தலையில். இந்நிலையை ஆராய 1934இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவுக்குத் தலைவராக வந்தவர் இந்தியாவில் சென்ட்ரல் வங்கியைத் தோற்றுவித்த சேர் சொராப்ஜி பொச்கானவாலா. அதன் பயனாக 1939 ஓகஸ்ட் முதலாம் நாள் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அதற்கு இரு ஆண்டுகள் முன்னர் 1937இல் எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியிருந்தார். நம் நாட்டின் முதல் தேசிய வங்கிக்கு வழி வகுத்த குழுவை ஓர் இந்திய வங்கியாளர் நடத்தினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சுதந்திரத்தின்பின் இரு அரசுகளும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன: வங்கியை அரசே நடத்தினாற்றான் அது கிராமத்துக்குப் போகும் என்பது அம்முடிவு. இங்கே 1950இல் மத்திய வங்கி ஏற்பட்டது. 1961இல் இலங்கை வங்கி தேசியமயமாக்கப்பட்டது. அதே ஆண்டு யூலை முதலாம் நாள் மக்கள் வங்கி தோன்றியது. கூட்டுறவுச் சங்கங்களைத் துணையாகக்கொண்டு கிராமத்துக்குப் போவதே அதன் நோக்கம். 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் எழுந்தன. பெரியோர்கள் ஐக்கிய நாணய சங்கங்களையும் பலநோக்குச் சங்கங்களையும் நினைவிற் கொண்டிருப்பீர்கள். இந்தியாவிலோ 1969 யூலை 19ஆம் நாள் 14 வங்கிகளும், 1980இல் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமையாயின. 1969இல் அங்கே ஏறத்தாழ 8,260 கிளைகளே இருந்தன. 1991இல் அவை 60,000ஐத் தாண்டின. 64,000 பேருக்கு ஒரு கிளை என்றிருந்த நிலை 14,000 பேருக்கு ஒரு கிளை என்றாயிற்று. வங்கி இல்லாத ஊரில் நான்கு கிளை திறந்தாற்றான் வங்கி உள்ள ஊரில் ஒன்று திறக்கலாம் என்று 1977இல் விதித்த கட்டுப்பாடு இதற்குப் பெரிதும் உதவியது.

ஊருக்குப் போவது என்ற அளவில் நம் நாடு சிறியது, முந்திக்கொண்டது. 2011இல் உலக வங்கி எடுத்த கணக்கிலே, வளர்ந்தோரில் நிதி நிறுவனக் கணக்கு உடையவர்கள் இலங்கையில் 69 வீதம். இந்தியாவில் 35 வீதம் மட்டுமே. பாதிக்கும் சற்றுமேல்! இது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2021இலும் இலங்கை 89, இந்தியா 78 என்றே நின்றன. எனினும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்தியா ஓடிய வேகத்தைப் பாருங்கள். 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தால் கோடிக்கணக்கான ஏழைகள் கணக்குத் திறந்தனர். ஆனால் 2021ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியாவில் திறந்த கணக்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஓராண்டாகப் பயன்படாமற் கிடந்தன. கணக்குத் திறப்பது வேறு. கணக்கு நடப்பது வேறு. பாலம் கட்டியும் அதன்மேல் வண்டி ஓடாவிட்டால் என்ன பயன்?

கூலியைக் குறைப்பதிலும் இரு நாடுகளும் மாறிமாறி முந்தியிருக்கின்றன. காசோலையை ஊர் ஊராக அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறையைத் தெற்காசியாவிலே முதலில் கொண்டுவந்தது இலங்கை, 2006இல். இந்தியா 2008இல் தில்லியிலே அதைத் தொடங்கியது. பின்னர் 2016இல் இந்தியா யூ.பி.ஐ. என்னும் தொலைபேசிப் பணமாற்று முறையை ஏற்படுத்தியது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் 1,000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் அதன்வழி நடந்தன. தேநீர்க் கடைக்காரனும் அதிற் பணம் பெறுகிறான். 2024 பெப்ரவரியில் அம்முறை இலங்கையிலும் தொடக்கிவைக்கப்பட்டது. அன்று நாம் முன்னே. இன்று அவர்கள் முன்னே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளாமல் இருப்பதே வெட்கம்.

இனிச் சிந்தலுக்கு வருவோம். இதுவே இவ்வுரையின் நடுவான பகுதி. அரசு வங்கிகள் ஊருக்குப் போயின, உண்மை. ஆனால் யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை அரசியலும் தீர்மானிக்கத் தொடங்கியது. திரும்பாக் கடன் இரு நாட்டிலும் பெருகியது. 1993இல் நம் இரு அரச வங்கிகளுக்கும் அரசு புதிய மூலதனம் கொடுத்துத் தூக்கிவிட நேர்ந்தது. இந்தியாவிலே 1990களின் நடுப்பகுதியில் 100 ரூபாக் கடனில் ஏறத்தாழ 15 ரூபா செயற்படாக் கடனாய்க் கிடந்தது. 1991இல் நரசிம்மம் குழு இதைத் திறந்து காட்டியது. சீர்திருத்தத்தின்பின் அத்தொகை 2008 அளவில் 3 ரூபாவுக்கும் கீழே வந்தது. பிறகு பெருங் கம்பனிகளுக்கு அள்ளிக் கொடுத்து, 2018இல் மீண்டும் 11 ரூபாவைத் தாண்டியது. 2015இல் ரிசேர்வ் வங்கி, மறைத்து வைத்த கெட்ட கடனையெல்லாம் ஏட்டில் ஏற்றுங்கள் என்று கட்டாயப்படுத்தியது. 2016இல் நொடிப்புச் சட்டம் வந்தது. 2017இல் அரச வங்கிகளுக்கு 2 இலட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபா மூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் செயற்படாக் கடன் 3 ரூபாவுக்குக் கீழே இறங்கியது.

நம் நாட்டிலே 2017 அளவில் 100க்கு 3க்கும் குறைவாயிருந்தது. 2023 முடிவில் 12 ரூபாவுக்கு மேல், மூன்றாம் நிலைக் கடன் என்ற பெயரிலே நின்றது. அளக்கும் முறை இடையில் மாறியதென்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஏறிய திசை ஐயமற்றது. ஒரு நாடு மேலேறிக் கீழிறங்கிய அதே காலத்தில் மற்ற நாடு கீழிருந்து மேலேறியது ஏன்? நம் வங்கி ஊழியர் திறன் குறைந்தவர்களா? இல்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் வயல்களே அதற்குச் சாட்சி. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாதென்று அறிவித்தது. அம்மாதம் ஒரே நாளில் மத்திய வங்கி தன் வட்டியை 7 வீதப்புள்ளி உயர்த்தியது. திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி போயிற்று. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அதே ஆண்டு இந்திய ரிசேர்வ் வங்கி வட்டியை 4 வீதத்திலிருந்து படிப்படியாகவே உயர்த்தியது. 2023 பெப்ரவரியில் அது 6.5 வீதத்தில் நின்றது. வண்டிக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் தெருவே உடைந்தால் மூடை சிந்தத்தான் செய்யும்.

தெரு ஏன் உடைந்தது? அரசு வரவுக்கு மேற் செலவழித்தது. மத்திய வங்கி அதற்காகப் பணம் அச்சிட்டது. இந்தியாவிலும் அப்பழக்கம் இருந்தது. ஆனால் 1997இல் அரசும் ரிசேர்வ் வங்கியும் உடன்பட்டு, கேட்டபோதெல்லாம் அரசுக்குப் பணம் கொடுக்கும் உண்டியல் முறையை நிறுத்தின. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 2006 முதல் ரிசேர்வ் வங்கி அரசிடமிருந்து நேரே கடன் பத்திரம் வாங்குவதையும் பொதுவாகத் தடுத்தது. நாம் அத்தகைய தடையை மத்திய வங்கிச் சட்டத்தினால் 2023இலேதான் எழுதினோம். இடையில் 17 ஆண்டுகள்! அந்த 17 ஆண்டுகளின் விலையை யார் கொடுத்தார்கள்? 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. ஆனால் ஊழியர் சேமலாப நிதி குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் இணங்க நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்துக்கென 450 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. இந்தியாவிலும் சரி, இலங்கையிலும் சரி, சிந்திய நெல்லை இறுதியில் அள்ளிக் கொடுப்பவன் வரி கொடுக்கும் ஏழை எளியவனே.

சேமித்தவனைக் காப்பதிலும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1960இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபின் இந்தியா விரைந்து சட்டம் இயற்றி, 1962 முதல் வைப்புக் காப்புறுதியைத் தொடங்கியது. அன்று 1,500 ரூபா. 2020இல் 5 இலட்சம் இந்திய ரூபா. 2020இல் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி தள்ளாடியபோது வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டு வைப்பாளர் காக்கப்பட்டனர். நம் நாட்டிலே 2002இல் பிரமுக வங்கியின் அனுமதி இரத்தானது. 2008இல் செலான் வங்கியின் வாசலில் வைப்பாளர் திரண்டனர். கட்டாய வைப்புக் காப்புறுதி 2010இல் வந்தது. 2021இல் அதன் எல்லை 11 இலட்சம் ரூபாவாக்கப்பட்டது. இக்காப்பு மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரியது. சீட்டுக்கும், ஊருக்குள் வந்து கூடிய வட்டி தருவதாகச் சொல்பவருக்கும் இல்லை. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

இப்பொழுது தாய்மார்கள் கேட்கவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். போர் முடிந்தபின் நுண்கடன் கம்பனிகள் வடக்கு கிழக்கெங்கும் வந்தன. படலையிலே வந்து கடன் கொடுத்தனர், பிணை கேட்கவில்லை, ஆனால் வாரந்தோறும் படலையிலே நின்றனர். 50,000 ரூபா வாங்கி, 20 வீத வட்டி சேர்த்து 60,000 ரூபாவை 52 வாரத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலும் குறைந்து வருகிறது. வட்டியோ முழு 50,000க்கும் கணக்கிடப்படுகிறது. சரியாகக் கணித்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 37 வீதம். இஃது எந்த வண்டிக்காரனும் கேளாத கூலி. இந்தியாவிலும் ஆந்திரத்தில் இதே துயரம் நடந்தது. 2010இல் அங்கே மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2011இல் ரிசேர்வ் வங்கி நுண்கடன் கம்பனிகளுக்குத் தனி விதி வகுத்து வட்டிக்கு 26 வீத உச்சம் வைத்தது. நம் நாட்டில் நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது; வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடனுக்கு நிவாரணம் 2018இல் வந்தது. பிறநாட்டு அனுபவம் கண்முன் இருந்தும் நாம் காலம் தாழ்த்தினோம்.

ஆகவே ஒப்பீட்டின் முடிவு யாது? ஊருக்குப் போனதில் நம் நாடு நெடுங்காலம் முந்தி நின்றது. கூலியைக் குறைப்பதில் முன்னர் நாமும் பின்னர் இந்தியாவும் வழிகாட்டினோம். சிந்தலைத் தடுப்பதில் இரு நாடுமே தவறின. ஆனால் தவற்றை ஏட்டில் ஏற்றித் திருத்துவதில் இந்தியா விரைந்தது. எந்த நாடும் எக்காலத்தும் முன்னே நிற்கவில்லை. கெட்ட கடனை மறைத்த ஆண்டுகளில் வங்கிகள் கெட்டன. வெளியே சொல்லிய ஆண்டுகளில் தேறின. இதுவே நாம் கண்ட பாடம்.

இப்பாடம் நம் ஊருக்கும் உரியது. 1985இலும் 2006இலும் நாம் இடம்பெயர்ந்தோம். சம்பூர் மக்கள் நம் ஊர் முகாமிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததையும் கண்டோம். பெட்டியிலும் மண்ணிலும் வைத்த பணமும் நகையும் தொலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வங்கி ஏட்டில் எழுதியது, புத்தகம் தொலைந்தாலும் தொலையவில்லை. அதனாற்றான் வங்கியைக் குறை கூறிவிட்டு விலகி நில்லுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாய் உள்ளே செல்லுங்கள் என்றே சொல்கின்றோம்.

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று வேலை தருகின்றோம். ஒன்று: கையெழுத்திடுமுன் மாத வட்டியை அன்று, குறைந்துவரும் மீதிக்கான ஆண்டு வட்டியைக் கேளுங்கள், உங்கள் தாய்மாருக்கும் அக்காமாருக்கும் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஓர் இலட்சம் ரூபாக் கடனுக்கு 2 வீதம் குறைந்தால் ஆறு மாதப் போகத்துக்கு 1,000 ரூபா மிச்சம். இரண்டு: அறுவடைப் பணம் வந்தவுடன் அடுத்த போகத்துக்கென ஒரு பங்கைக் காப்புறுதியுள்ள வைப்பிலே போடுங்கள், அந்தப் பங்கு வளர வளர அடகுக்கடைப் படி ஏறுவது குறையும். மூன்று: இச்சங்கத்திலே மாதம் ஒருநாள் கணக்குப் பார்க்கும் நாளாக வையுங்கள். யார் வேண்டுமாயினும் தம் கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லலாம் என்ற நிலை வரட்டும். கடனை மறைக்கும் வீடும் கெட்ட கடனை மறைக்கும் வங்கியும் ஒரே வழியிற்றான் போகின்றன.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர் நம் முன்னோர். மகாவலிக் கரையிலே வாழும் நமக்கு அளக்கும் பழக்கம் புதிதன்று. மரைக்காலால் நெல்லை அளந்தவர்கள் நாம். இனி வட்டியையும் அளப்போம்.